எல்லார் வீட்டு எண்ணெயில் ஓடிய வண்டி

என் அம்மா தெருமுனையில் நின்று "மீனேய்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கருவடிக்குப்பத்துப் பூனையெல்லாம் மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசி வீட்டுக்காரிகூடத் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவாள். அப்படி ஒரு குரல். அண்ணன் செத்த பிறகு அந்தக் குரல் வீட்டிலும் கேட்கவில்லை, தெருவிலும் கேட்கவில்லை.

அண்ணன் மஞ்சள் காமாலையில் போனான். ஆனி மாதம். சாகிற வயசே இல்லை. அவன்தான் தினமும் எங்கள் ஊர் கனகசெட்டிக்குளத்திலிருந்து அம்மாவையும் மீன் கூடையையும் டெம்போவில் ஏற்றி டவுனுக்கு, கருவடிக்குப்பத்துக்குக் கொண்டுபோய் விடுவான். டெம்போ வேறு ஆளுடையது. அவன் போனதும் அதுவும் போனது.

அதற்கப்புறம் அம்மா ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். கண்டக்டர், "தண்ணி ஒழுவுது, நாறுது, எறங்கும்மா" என்று பாதி வழியில் இறக்கிவிட்டான். பழைய அம்மாவாக இருந்தால் அவனுடைய பரம்பரையையே ரோட்டுக்கு இழுத்திருப்பாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். கூடையைக் கவிழ்த்து வைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். திட்டாமல் வந்துவிட்டாளே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணனோடு சேர்த்து அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

நான் எட்டாவதோடு நின்றவள். அண்ணன்தான் என்னை வேலையில் சேர்த்துவிட்டான். எங்கள் ஊருக்குத் தெற்கே, செம்மண் மேட்டில் ஒரு ஷெட் இருந்தது. ஓட்டல்களில் பஜ்ஜி, பூரி சுட்டு மிச்சமாகிற எண்ணெயை வாங்கிவந்து அங்கே பயோடீசல் காய்ச்சுவார்கள். எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கி, ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்து ஆறவிட்டால், அடியில் கறுப்பாகப் பாகு தங்கும். மேலே தேன் நிறத்தில் நிற்பதுதான் வண்டிக்குப் போகும். அண்ணன் சாயந்திரங்களில் அங்கே கேன் ஏற்றி இறக்குவான். நான் டிரம் கழுவுவேன், வடிகட்டுவேன். கையில் எப்போதும் வடை வாசனை. வீட்டுக்குப் போனால் நாய்கள் என் விரலை நக்கும்.

அண்ணனுக்கு ஒரே ஆசை. "பழைய டீசல் காரு ஒண்ணு வாங்கணும்டி. பெட்ரோல் பங்க்கு பக்கமே போவாத காரு. முன்னாடி அம்மா, பின்னாடி மீனு" என்பான். அதற்கென்று பணம் சேர்த்தும் வைத்திருந்தான். எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தான். டெம்போவில் நான் கியர் மாற்றும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வான். நான் லைசென்ஸ் வாங்கியதற்கு என்னைவிட அவன்தான் அதிகம் குதித்தான்.

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்த அந்த வாரமே நான் முடிவு செய்துவிட்டேன். காரை வாங்கி அம்மாவை அதில் உட்காரவைத்துக் கருவடிக்குப்பம் கொண்டுபோய்விட்டால் குரல் வந்துவிடும். அப்படி நம்பினேன், அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னதும், "வருஷம் திரும்பட்டும்" என்றாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் செய்யக் கூடாது. வண்டி வாங்குவது நல்ல காரியம். "புள்ள போயி வருஷம் ஆவல, அதுக்குள்ள காரு வாங்கிட்டாளுங்கன்னு தெருவே பேசும்" என்றாள்.

அண்ணனின் சிநேகிதர் ஒருவர் மூலக்குளத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்தார். நியாயப்படி அவரையும் நான் அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். நாக்கு வரவில்லை. "மெக்கானிக்கே" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தார். அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அம்மா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எம்மா, புதுசு வாங்குறதுதான் தப்பு. பழசு வாங்குறது வாங்குறதே இல்ல. கை மாத்துறது. பக்கத்து வூட்டு அம்மிய எடுத்தாந்து நம்ம வூட்ல போட்டுக்குற மாதிரி."

அம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு, "பழசுன்னா பாக்குறவங்க கண்ணுக்கும் பழசாத் தெரியணும். மால கூடாது. சக்கரத்துல எலுமிச்சம்பழம் கூடாது. பளபளன்னு இருந்தா நான் ஏற மாட்டேன்" என்றாள்.

ஏற மாட்டேன் என்றால், பளபளப்பு இல்லாவிட்டால் ஏறுவேன் என்றுதானே அர்த்தம்? நான் உள்ளே ஓடிப்போய்த் தலையணையில் வாயை வைத்துக் கத்தினேன். அண்ணன் படத்தில் மாலைகூடக் காயவில்லை, எனக்குச் சந்தோஷம். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தது, ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

முதலில் கருவடிக்குப்பத்தில் ஒரு வண்டி பார்த்தோம். டூரிஸ்ட்டுகளுக்கு ஓடியது. சில்வர் கலர், புதுப் பெயிண்ட். கண்ணாடியே வேண்டாம், கதவில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், உடனே மூடினார்.

"இது வேணாம். இதுக்கு மூள இருக்குது."

"இன்னா சொல்ற மெக்கானிக்கே?"

"கம்ப்யூட்டர் வெச்சு டீசல் பீச்சுற வண்டி. நம்ம எண்ணெய ஊத்துனா மொகம் சுளிக்கும், அப்புறம் படுத்துக்கும். நமக்கு மூள இல்லாத வண்டி வேணும். குடுத்தத குடிக்கணும், சொன்னா ஓடணும்."

வண்டிக்காரருக்குக் கோபம். "எண்ணெயா? சமையல் எண்ணெயா? எங்கிருந்து வர்றீங்க நீங்க?" என்றார். "கனகசெட்டிக்குளம்" என்றேன் நான். அவர் ஊரைக் கேட்கவில்லை என்று தெருவில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. மெக்கானிக் சிரித்துச் சிரித்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ண முடியாமல் நின்றார்.

இரண்டாவது வண்டி மூலக்குளத்திலேயே கிடைத்தது. கவர்மென்ட் ஆபீசர்கள் போவார்களே, அந்த உருண்டை வண்டி. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. பழைய டீசல் இன்ஜின், மூளை இல்லை, இரும்புதான். எனக்குக் கண்டதும் பிடித்துவிட்டது. அம்மா கேட்ட மாதிரி, யார் பார்த்தாலும் அய்யோ பாவம் என்பார்கள். உள்ளே ஏறி உட்கார்ந்து காலை வைத்தேன். ஒரு கோழி என் காலுக்குக் கீழே நடந்து போனது.

"மெக்கானிக்கே, காருக்குள்ள கோழி."

"காருக்குள்ள இல்ல. ரோட்டுல. அடித்தகடு இல்ல."

ஓனர் விடவில்லை. "காத்தோட்டமா இருக்கும்மா. மீன் தண்ணி தானா வடிஞ்சுடும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது எனக்கு. மெக்கானிக் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாவது, டவுனில் சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில். ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் செத்துப்போய், அவர் மனைவி மட்டும் இருந்தார். கவுன் போட்ட வயசான அம்மா, எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஷெட்டில் தார்ப்பாயைத் தூக்கினார். அதே உருண்டை வண்டி. வானக் கலர், வெயில்பட்டு வெளுத்துப் போயிருந்தது. முதுகில் ஒரு நசுங்கல். அடித்தகடு கெட்டியாக இருந்தது. சர்ச்சுப் பூசைக்கும் பென்ஷன் வாங்கவும் தவிர அந்த வண்டி வேறு எங்கும் போனதில்லையாம்.

மெக்கானிக் ஸ்டார்ட் செய்தார். முதலில் இருமியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு சீராகத் தடதடவென்று பேச ஆரம்பித்தது. அண்ணன் டெம்போவும் இப்படித்தான் பேசும்.

"எதுக்கு வண்டி?" என்று கேட்டார் மதாம்.

"மீன் கொண்டு போவ, மதாம்."

"மீனா!" மூக்கைத் தொட்டுக்கொண்டார். "அவர் உள்ள சிகரெட்டே பிடிக்க விட மாட்டார்."

"டீசல் ஊத்த மாட்டோம் மதாம். பஜ்ஜி போட்ட எண்ணெயிலதான் ஓட்டப் போறோம்" என்று நான் உளறிவிட்டேன். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். மதாம் தோள் குலுங்கச் சிரித்தார்.

"அவருக்குப் பஜ்ஜின்னா உயிரு. டாக்டர் கூடாதுன்னுட்டார், கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். வண்டியாவது குடிக்கட்டும். பிரிச்சு இரும்புக் கடையில போட மாட்டியே?"

"எங்க அண்ணன் மேல சத்தியமா போட மாட்டேன்" என்றேன். செத்தவன் மேல் சத்தியம் செய்யலாமா என்று தெரியவில்லை. செய்துவிட்டேன். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியை எடுக்கப் போன நாளில்தான் வினை. மதாம் ஆள் வைத்து வண்டியைக் கழுவி, மெழுகு போட்டுத் தேய்த்து, பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதுபோல நிறுத்தியிருந்தார். வானக் கலர் வானம் மாதிரியே மின்னியது. மூஞ்சியில் சிவப்பு ரிப்பன் வேறு, பெரிய பூவாகக் கட்டி. ஆசையாகச் செய்ததை என்னவென்று சொல்வது? "நல்லா இருக்குது மதாம்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

தெருவைத் தாண்டியதும் ரிப்பனைக் கழற்றினேன். "பளபளப்ப இன்னா பண்றது? அம்மா பாத்தா ஏறவே மாட்டா."

"மழை பேஞ்சிருக்குது இல்ல" என்றார் மெக்கானிக். "உங்க ஷெட்டு ரோட்டுல வுடு."

ஐப்பசி மழை. செம்மண் ரோடு முழுக்கக் குட்டை குட்டையாக நின்றது. நான் ஒரு குட்டையையும் விடவில்லை. வேகமாக விட்டேன், திரும்பி வந்து மறுபடியும் விட்டேன். சேறு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி எழும்பிக் கண்ணாடியில் அடித்தது. அண்ணன் செத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஊர்ல எல்லாரும் வண்டி வாங்குனா கழுவுவாங்க. நீதான் சேறு பூசுற!"

வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். அம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். விரலால் சேற்றைத் தொட்டாள். "ரொம்பப் பழசோ?" என்றாள். "ரொம்ப" என்றோம் இருவரும் ஒரே வாயாக. அம்மா உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக் பழைய ரப்பர் குழாய்களைப் பிடுங்கிவிட்டு வேறு குழாய் போட்டார். நம் எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும். பின்சீட்டைக் கழற்றிக் கூடைக்கு இடம் பண்ணினோம். ஆனால் ஊற்ற எண்ணெய்க்கு எங்கே போவது? ஷெட்டில் வேலைக்காரர்கள் தாங்கள் கொண்டுவருகிற எண்ணெயைக் காய்ச்சிக்கொள்ளலாம், அங்கே இருப்பதை எடுக்கக் கூடாது.

அப்போதுதான் தீபாவளி வந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். முதலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தட்டில் அதிரசமும் முறுக்கும் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா கை நீட்டவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே கேட்டேன்.

"பெரிம்மா, இது சுட்ட எண்ணெ மிச்சம் இருக்குதா?"

"எதுக்குடி? தீட்டு வூட்ல சட்டி வெக்கப் போறியா?"

"சட்டிக்கு இல்ல. காருக்கு."

பெரியம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் வந்து வண்டியைப் பார்த்தாள். பிறகு தெரு முழுக்கச் சொன்னாள். சாயந்திரத்துக்குள் எங்கள் வீட்டு முன்னால் திருவிழா. தூக்குச் சட்டி, கேன், பாட்டில், ஒருத்தி குடத்திலேயே கொண்டுவந்தாள். "என்னுது கடல எண்ணெ, தனியா வையி, அந்த பாமாயிலோட சேக்காத" என்று ஒரு சண்டை. "ஏம்மே, நீ மீன் வறுத்த எண்ணெய இல்ல எடுத்தாந்திருக்க, காரு ரோட்டுல போனா பூன தொரத்தும்" என்று ஒரு சிரிப்பு. யாருமே, வருஷம் திரும்பவில்லையே, காரா என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, யாருடைய எண்ணெயில் வண்டி வேகமாகப் போகும் என்று அடித்துக்கொள்வதில்.

அம்மா உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு, வாசலில் வரிசையாக நின்ற பாத்திரங்களைப் பார்த்து, "நம்ம வூட்ல சட்டி வெக்கலன்னு ஊரு சட்டியெல்லாம் நம்ம வூட்டுக்கு வந்துடுச்சு" என்றாள். அதுவே அவள் அந்த மாதத்தில் பேசிய நீளமான பேச்சு.

ஷெட்டில் நானே காய்ச்சினேன். பாகு இறங்கி, கழுவி, ஈரம் போக்கி எடுத்ததும் தேன் மாதிரி நின்றது. பாட்டிலில் எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். பின்னால் கடல் தெரிந்தது, மஞ்சளாக.

கார்த்திகை பிறந்து மழை விட்ட ஒரு காலையில் டாங்க்கை நிரப்பிவிட்டு அம்மா முன்னால் போய் நின்றேன். சங்கராவும் நெத்திலியும் கரையில் எடுத்துக் கூடையில் போட்டாயிற்று. "ஏறும்மா" என்றேன். அம்மா முன்சீட்டையே பார்த்தாள். எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நானும் அண்ணன் சொன்னதைத்தான் நினைத்தேன். பேசாமல் ஏறி, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நேராக ரோட்டைப் பார்த்தாள், வீட்டில் சுவரைப் பார்த்த மாதிரியே.

பாதி தூரம் அருமையாகப் போனது. பிறகு வண்டி திணறியது, விக்கியது, ஓரமாக நின்றுவிட்டது. மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார்: "வருஷக்கணக்கா டாங்க்ல ஒட்டிக்கினு இருக்குற அழுக்கையெல்லாம் நம்ம எண்ணெ கழுவி எடுத்துரும். பில்டர் அடைச்சுக்கும். புதுசு ஒண்ணு எப்பவும் கையில வெச்சுக்க." வைத்திருந்தேன். இறங்கி பானெட்டைத் திறந்து பில்டரைக் கழற்றினேன். தார் மாதிரி அழுக்கு. புதுசு மாட்டினேன். ஆனால் உள்ளே காற்று புகுந்திருக்கும். ஒருத்தர் கைப்பம்ப்பை அமுக்க வேண்டும், இன்னொருத்தர் போல்ட்டைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும்.

"எம்மா, இத அமுக்கிக்கினே இரு."

அம்மா இறங்கி வந்து அமுக்கினாள். போல்ட்டின் ஓரத்தில் நுரை நுரையாக வந்தது. அப்போது பின்னால் பஸ் ஒன்று வந்து மெதுவானது. அதே பஸ். அதே கண்டக்டர், படியில் தொங்கிக்கொண்டு.

"இன்னாம்மா, படுத்துக்கிச்சா? பஸ்ஸுல வர்றியா?" என்று பல்லைக் காட்டினான்.

எனக்கு மூஞ்சி சுட்டது. அம்மா கையை நிறுத்தவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தாள். நுரை நின்று, எண்ணெய் சுத்தமாக வழிந்து அவள் விரலில் ஏறியது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"அதிரசம்" என்றாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். "பக்கத்து வூட்டு அக்கா சுட்ட அதிரசம்டி இது. ஏலக்காய அள்ளிக் கொட்டுவா."

பிறகு பஸ் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கை போனது. நான் போல்ட்டைக்கூட இறுக்க மறந்து பார்த்தேன்.

"யார்ரா அவன்? மீனு நாறுதுன்னு என்னிய நடுரோட்டுல எறக்கி வுட்டவன்தானே நீ? சாப்புடும்போது மட்டும் மணக்குதா உனக்கு? உன் பஸ்ஸு பொகையில ஊரே இருமுது. என் வண்டி பொகைய வந்து மோந்து பாரு, உன் பொண்டாட்டி ஜென்மத்துல சுடாத அதிரசம் மணக்கும். வாடா, எறங்கி வாடா!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. கண்டக்டர் விசில் அடித்த வேகத்தில் பஸ் கிளம்பியே போய்விட்டது. அம்மா விடாமல் பின்னாலேயே கத்தினாள். அவனுடைய பரம்பரை முழுக்க அந்த ரோட்டுக்கு வந்து போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து ஸ்பேனர் தெரியவில்லை. இவ்வளவு அழகான வசவை நான் கேட்டதே இல்லை.

போல்ட்டை இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். தடதடவென்று பேசியது. பின்னால் வெள்ளையாகப் புகை, தீபாவளிக் காலையில் தெருவில் வருகிற அதே வாசனை.

கருவடிக்குப்பம் தெருமுனை வந்ததும் நான் நிறுத்தப் போனேன். அம்மா, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டினாள். தொண்டையைக் கனைத்தாள்.

"மீனேய்... சங்கரா, நெத்திலியேய்!"

முதல் கூவலில் குரல் உடைந்தது. இரண்டாவதில் சரியானது. மதில்மேல் ஒரு பூனை ஏறியது. கடைசி வீட்டுக்காரி தட்டோடு ஓடிவந்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னா வாசன இது? மீனு விக்க வந்தியா, வடை சுட வந்தியா?" என்றாள்.

"மீனு எங்கிட்ட வாங்கு. வடைய எம்பொண்ணுகிட்ட கேளு" என்றாள் அம்மா.

எனக்கு இருந்த சந்தோஷத்தில் கால் தானாக அழுந்தியது. வண்டி துள்ளியது. அம்மா என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"மெதுவா ஓட்டுடி! நீ பாட்டுக்குப் பறந்தா நான் எங்க கூவுறது?"